பால்மரப் பெண் சுவரோவியம் குறித்து மாவட்ட மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும், நகர அழகுபடுத்தும் குழுவின் உறுப்பினர்களுக்கும், இம்முயற்சிக்குத் துணை நிற்கும் நம் ஊர்த் தமிழ் இயக்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடைவரிசையின் பக்கச் சுவரில், பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும், ஒரு தமிழ்ப் பெண்ணின் உருவத்தை மூன்று மாடி உயரத்துக்கு வரையப்போவதாக அறிவித்து, அதன் மாதிரிப் படத்தை அலுவலகத்தின் முன்கூடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறீர்கள். கருத்துரைக்க மாத இறுதிவரை காலம் தந்திருப்பதால் இதை எழுதுகிறேன். ஊர் மக்களும் படித்துத் தங்கள் எண்ணத்தைச் சொல்ல வேண்டும் என்பதால் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில் என் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். நான் இவ்வூரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்றில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். என் தாயும் தந்தையும் மரம் வெட்டித்தான் எங்கள் நால்வரையும் படிக்க வைத்தார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும், தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பின் நகரத்துக்கு இடம்பெயர்ந்த அதே பள்ளியிலுமாகப் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். என்னிடம் கடைசியாகப் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பால்மரம் எது என்று அடையாளம் காட்டத் தெரியாது. அவர்கள் பார்த்து வளர்ந்தவை செம்பனைக் காடுகளும் வீடமைப்புப் பகுதிகளுமே. அவர்களுடைய பாட்டிமார் விடியுமுன் எழுந்து போய்ச் செய்த வேலையை, பள்ளிப் பேருந்துக்காக அவர்கள் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே, அண்ணாந்து பார்க்கும்படி வரைவது மிக நல்ல காரியம். அதை நினைத்தவர்களுக்கு என் நன்றி.

ஆனால் அந்த மாதிரிப் படத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. படம் இடவலம் மாறியிருக்கிறது. அதைவிட முக்கியமானது, படத்தில் இருக்கும் பெண் இன்றும் நம் ஊரில் வாழ்கிறார் என்பதும் அவரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் ஆகும்.

படம் மாறியிருப்பதை எப்படிச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும். மரத்தின் முன் நின்று பார்ப்பவருக்குப் பால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும், ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் ஓடும். இது வெட்டுபவரின் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. பட்டைக்குள் இருக்கும் பால் குழல்கள் நேர்செங்குத்தாக ஏறாமல், சற்றே வலப்பக்கம் சாய்ந்து மரத்தைச் சுற்றி மேலேறுகின்றன. இடப்பக்க உயரத்திலிருந்து வலப்பக்கத் தாழ்வுக்கு வெட்டினால்தான் அதிகமான குழல்கள் அறுபட்டுப் பால் நன்றாக வடியும். எதிர்த்திசையில் வெட்டினால் பால் குறையும், தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் பேச்சு வாங்க வேண்டியதுதான். உங்கள் மாதிரிப் படத்தில் வெட்டு வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் தாழ்கிறது. அப்படி ஒரு மரத்தை என் தாய் தம் வாழ்நாளில் ஒரு காலையில்கூட வெட்டியிருக்க மாட்டார். இரண்டாவது சான்று சட்டைப்பை. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் கொசுவுக்கும் பால் கறைக்கும் அஞ்சிக் கணவன்மாரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வார்கள். ஆண்கள் சட்டையின் பை இடப்பக்க மார்பில் இருக்கும். படத்தில் அது வலப்பக்கம் இருக்கிறது.

இவை சிறிய பிழைகள் என்று எண்ண வேண்டாம். ரப்பர் வேலையைச் செய்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. காலையில் பாசாருக்கு (சந்தைக்கு) வரும் எழுபது வயதுப் பெண்மணி அந்தச் சுவரைப் பார்த்தால் முதலில் அவர் கண்ணில் படுவது வெட்டின் சாய்வுதான். தன்னைப் போற்றுவதற்காக வரைந்த படத்தில் தன் வேலையே தவறாக இருப்பதைப் பார்த்து அவர் என்ன நினைப்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. அவர் எங்கள் லயத்தில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர். என் தந்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை என்பதால் நான் அவரை அத்தை என்று அழைத்தே வளர்ந்தேன். இப்போது எண்பதை நெருங்கும் வயதில், நகரத்து மலிவுவிலை அடுக்குமாடி ஒன்றின் முதல் மாடியில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அதை வெளியிடலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதே இந்த மடலின் கோரிக்கை, அதை நானே முதலில் மீறக் கூடாது.

1974ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் தோட்டத்துக் கிராணியின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஓர் இளைஞர் ஒரு வாரம் காமிராவோடு காட்டுக்குள் சுற்றினார். அவர் எடுத்த புகைப்படங்களில் ஒன்றுதான் உங்கள் மாதிரிப் படத்துக்கு மூலம். போகும்போது அத்தைக்கு ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார். பின்புறத்தில் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் அத்தையின் பெயரும் தமிழில் எழுதப்பட்டிருக்கின்றன. சில ஆண்டுகள் கழித்து அதே படம், இடவலம் மாறி அச்சாகி, ஒரு நிறுவனத்தின் நாட்காட்டியில் வந்ததாம். அதை அத்தை பார்த்ததே இல்லை. அந்த நாட்காட்டியிலிருந்து யாரோ எடுத்த நகல் இணையத்தில் ஏறி, 'தோட்டத்துத் தாய்' என்ற தலைப்போடு ஒவ்வொரு தொழிலாளர் தினத்திலும் முகநூலிலும் வாட்ஸ்அப் எனும் புலனத்திலும் வலம் வருகிறது. உங்கள் ஓவியர் அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்தப் படத்தோடு ஒரு பெயர் வந்திருந்தால் அவர் தேடியிருப்பார்.

குழுவின் அன்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் பணிவோடுதான் ஒரு மறுமொழி தந்தார். இது தனி ஒருவரின் படம் இல்லை, தோட்டப் பாட்டாளி மக்கள் அனைவருக்குமான சின்னம், பெயர் எழுதினால் அது ஒரு குடும்பத்தின் படமாகச் சுருங்கிவிடும் என்றார். இந்த எண்ணம் பலருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடியது என்பதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். உலகம் அறிந்த சின்னங்கள் பலவற்றின் பின்னால் ஒரு வீட்டு முகவரியும் ஒரு பெயரும் இருக்கின்றன. அந்தப் பெயர் தெரிந்ததால் எந்தச் சின்னமும் சிறுத்துப் போனதாக நான் அறியேன். பெயர் தெரியாமல் போனதால் நேர்ந்த தீங்குகளோ பல.

நம் அத்தையின் நிலைக்கு மிக நெருக்கமானது அமெரிக்காவில் நடந்தது. 1936 மார்ச்சில், கலிபோர்னியா மாநிலத்தின் நிப்போமோ என்ற ஊருக்கருகே பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாம் ஒன்றில், டோரத்தியா லாங் என்ற புகைப்படக் கலைஞர் அரசாங்கப் பணிக்காக ஒரு தாயைப் படமெடுத்தார். தோளில் முகம் புதைத்த இரு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை, கன்னத்தில் விரல் வைத்துத் தொலைவைப் பார்க்கும் தாய். பெருமந்தம் எனப்படும் 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்து வறுமை என்றால் இன்றும் உலகத்தார் மனத்தில் எழுவது அந்த முகம்தான். லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை, அதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தாய் பெயரில்லாமல் பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருந்தார். 1978இல் ஒரு செய்தியாளர் தேடிப்போனபோதுதான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதும், செரோக்கி பழங்குடி மரபினர் என்பதும், அதே மாநிலத்தின் மொடெஸ்டோ நகரில் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்பதும் ஊருக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும், எடுத்தவர் தன் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்றும், அது எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் வருந்திச் சொன்னார். அரசாங்க வேலையாக எடுத்த படம் என்பதால் லாங்கும் அதைத் தனக்கென விற்றுப் பணம் சேர்க்கவில்லை என்பதையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும்.

இதில் என்னை அதிகம் வருத்துவது பணத்தைப் பற்றிய பகுதி இல்லை. அந்தக் குடும்பம் பசிக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டதாக லாங் எழுதியதை உலகமே நம்பியது. விற்பதற்குத் தங்களிடம் வேறு டயர்கள் இருந்ததே இல்லை என்று தாம்சனின் மகன் பின்னாளில் மறுத்தார். கார் வழியில் பழுதாகி நின்றதால்தான் அந்த முகாமில் தங்கியிருந்தார்கள். கேட்காமல் விட்ட இடத்தில் பிறர் எழுதிய கதை வந்து உட்கார்ந்துகொண்டது. தாம்சன் 1983இல் இறந்தார். 1998இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் படத்தை 32 சென்ட் தபால்தலையாகவே வெளியிட்டது. தன் முகம் தபால்தலையில் வந்ததைப் பார்க்க அவர் இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், உங்கள் மாதிரிப் படத்தின் கீழ் உள்ள குறிப்பிலும் ஒரு கதை எழுதப்பட்டிருக்கிறது. புருவம் நெரித்து மேலே பார்க்கும் அந்தப் பெண், துன்பத்தில் இறைவனை நோக்கி ஏங்குவதாக அதில் கண்டிருக்கிறது. நான் போன ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் அந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டி, அப்போது எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "மழை வருமான்னு பாத்தேன்" என்றார். மரம் வெட்டியவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. வெயில் ஏறுமுன் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும் வேளையில் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே போய் வெட்டி முடித்திருப்பார்கள். பால் மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) நிறைந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்தால் அது பட்டை வழியே இறங்கி மங்கிலுள்ள பாலைக் கழுவிக் கொண்டுபோய்விடும். விடிகாலையிலிருந்து பட்ட பாடு வீணாகி, அன்றைய கூலி குறையும். வானத்தைப் பார்த்து, எந்த நிரையிலிருந்து பாலெடுக்கத் தொடங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு தேர்ந்த தொழிலாளியின் முகம் அது. அதில் ஏக்கத்தைக் கண்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு காணவில்லை. அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவே.

பெயர் தெரியாத சின்னத்துக்கு ஏற்படும் இன்னொரு கேடு, வேறொருவர் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொள்வது. சட்டைக் கையைச் சுருட்டி, புள்ளி போட்ட துணியைத் தலையில் கட்டி, கை முட்டியை மடக்கிக் காட்டும் ஆலைப் பெண்ணின் சுவரொட்டியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஜே. ஹாவர்ட் மில்லர் என்பவர் வரைந்த அது, 1943 பிப்ரவரியில் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆலைகளுக்குள் சுமார் இரண்டு வாரமே ஒட்டப்பட்டு மறக்கப்பட்டது. 1980களில்தான் பெண் உழைப்பின் சின்னமாக உலகெங்கும் பரவியது. அதற்கு மூலமாகக் கருதப்பட்ட ஒரு புகைப்படத்தில் கடைசல் எந்திரத்தின் முன் நிற்பது தாம்தான் என்று ஜெரால்டின் டாய்ல் என்ற பெண்மணி மனமார நம்பினார், உலகமும் நம்பியது. உண்மையில் அந்தப் படத்தில் இருந்தவர் நயோமி பார்க்கர். 2011இல் ஒரு நிகழ்ச்சியில் தம் படத்தின் கீழ் வேறொருவர் பெயரைக் கண்டு அவர் திகைத்துப் போனார். அதைத் திருத்தச் சொல்லியும் பயனில்லாமல் போனது. ஜேம்ஸ் கிம்பிள் என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் தேடி, மூலப் பிரதியைக் கண்டெடுத்தார். அதன் குறிப்பில் 1942 மார்ச், அலமேடா கடற்படை விமானத்தளம், நயோமி பார்க்கர் என்று இருந்தது. மில்லர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது என்பதையும் கிம்பிள் மறைக்கவில்லை. ஆனால் புகைப்படத்தில் இருந்த பெண்ணுக்குத் தம் முகம் திரும்பக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. 2018 ஜனவரியில் 96ஆம் வயதில் காலமானார்.

ஒரு பிரதியின் குறிப்பு செய்த வேலை இது. அத்தையின் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும் பிரதியின் பின்புறத்திலும் அப்படி ஒரு குறிப்பு இருக்கிறது என்பதை உங்களுக்கு மீண்டும் நினைவூட்டுகிறேன்.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கோலாலம்பூரில் உள்ள தேசிய நினைவுச்சின்னத்தை நம் பிள்ளைகள் சுற்றுலா போய்ப் பார்க்கிறார்கள். 1966 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்ட அந்த ஏழு வெண்கல வீரர்களை வடித்தவர் சிற்பி ஃபீலிக்ஸ் டி வெல்டன். அமெரிக்காவில் 1954இல் திறக்கப்பட்ட அவருடைய கடற்படைப் போர்வீரர் நினைவுச்சின்னத்தைக் கண்டு வியந்துதான் அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவரை அழைத்தார். அந்த அமெரிக்கச் சின்னமோ, ஜோ ரோசந்தால் 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில் எடுத்த, ஆறு வீரர்கள் கொடியேற்றும் புகைப்படத்தைத் தழுவியது. அந்த அறுவரில் உயிரோடு திரும்பியவர்கள் என்று கருதப்பட்ட மூவரையும் நேரில் உட்கார வைத்து டி வெல்டன் அவர்கள் முகங்களை வடித்தார். 2016இலும் 2019இலும் அமெரிக்கக் கடற்படைப் போர்வீரர் பிரிவு பழைய படங்களை மீண்டும் ஆராய்ந்து, அந்த மூவரில் இருவர் அப்புகைப்படத்திலேயே இல்லை என்று அறிவித்தது. அவர்களுக்குப் பதிலாக அப்படத்தில் உண்மையாக இருந்த ஹெரால்ட் ஷுல்ட்ஸ், ஹெரால்ட் கெல்லர் ஆகிய இருவரும் அதற்குள் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு வல்லரசின் இராணுவத்துக்கே 74 ஆண்டுகள் பிடித்த வேலை நமக்கு ஒரே மாலைநேரத்தில் முடிந்துவிடும். ஏனெனில் நம் படத்தில் இருப்பவர் பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறார்.

பெயரால் சின்னம் சுருங்கிவிடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க நாட்டுப்புற உழவரின் அடையாளமாக இன்று உலகம் ஏற்றுக்கொண்டிருக்கும் 'அமெரிக்கன் கோதிக்' என்ற ஓவியத்தை கிராண்ட் வுட் 1930இல் வரைந்தார். முள்கரண்டி போன்ற வைக்கோல்வாரியைப் பிடித்து நிற்கும் அந்த உழவர், உண்மையில் அவருடைய பல் மருத்துவர் பைரன் மெக்கீபி. அருகில் நிற்கும் பெண் ஓவியரின் தங்கை, நான் வுட் கிரஹாம் (Nan) என்பவர். பின்னால் தெரியும் வீடு அயோவா மாநிலத்தின் எல்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது. மூன்றும் ஓவியத்துணியில்தான் ஒன்றுசேர்ந்தன, அவ்விருவரும் அந்த வீட்டின் முன் சேர்ந்து நின்றதே கிடையாது. இவை அனைத்தும் எல்லாருக்கும் தெரிந்த செய்திகள். தெரிந்த பின்னும் ஓவியத்தின் மதிப்பு குறையவில்லை, அந்தச் சிற்றூருக்கு இன்றும் மக்கள் அந்த வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். பல் மருத்துவரை வைத்து உழவரை வரைந்ததையே உலகம் ஏற்றுக்கொண்டது என்றால், மரம் வெட்டியவரையே வைத்து மரம் வெட்டும் பெண்ணை வரையக் கிடைத்த நாம் எவ்வளவு பேறு பெற்றவர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பினாங்கைப் போல நம் ஊரும் சுவரோவியங்களால் பெயர் பெற வேண்டும் என்று அறிவிப்புக் கூட்டத்தில் சொன்னீர்கள். ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவில், 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரெவிச் வரைந்த சைக்கிள் சிறார்களைப் பார்க்கத்தான் கூட்டம் வரிசையில் நிற்கிறது. அந்தப் பிள்ளைகள் கற்பனைப் பிள்ளைகள் அல்லர், அங்கே வாழ்ந்த ஓர் உடன்பிறந்த இணை. படமெடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைந்தார். அவர்கள் முகத்தில் உள்ள சிரிப்பு யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சிரிப்பாக இருந்திருந்தால் அந்தச் சுவர் இவ்வளவு பேரை இழுத்திருக்குமா என்பது என் கேள்வி.

நம் லயத்து வீடுகளுக்கே வருவோம். எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த இலட்சுமியும் சரஸ்வதியும், ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வழிவந்த படங்களே. தெய்வத்துக்கு மனித முகமும் சேலையும் தந்து, ஏழை வீட்டுக்கும் எட்டும் விலையில் அச்சிட்டவர் அவர். அவரே 1893இல் தம் மகள் மகாபிரபாவைக் கைக்குழந்தையோடு நிறுத்தி, தந்தையின் வரவைக் காட்டும் தாயாக வரைந்தார். அந்தத் தாய் யார் என்று அறிந்து பார்க்கும்போது படத்தின் தாய்மை கூடித்தான் தெரிகிறது.

இன்னும் பின்னே போனால், நம் முன்னோர் இந்த வேலையை நம்மைவிடத் தெளிவாகச் செய்திருக்கிறார்கள். போரில் விழுந்த வீரனுக்கு நட்ட நடுகல்லில் 'பெயரும் பீடும் எழுதி' வைத்ததை அகநானூறு பேசுகிறது. பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் பெயரை விட்டுவிடவில்லை, பெயரைத்தான் முதலில் வைத்தார்கள். வழிப்போக்கனுக்கு அந்த வீரன் யாரோ ஒருவன்தான். ஆயினும் அவன் பெயரைப் படித்துவிட்டுக் கடந்து போகட்டும் என்று எண்ணியிருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஓவிய வேலையைத் தொடங்குமுன் குழுவிலிருந்து இரண்டு பேர், முடிந்தால் இருவரும் பெண்களாக, அத்தையின் வீட்டுக்கு வாருங்கள். படத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக, எத்தனை காலத்துக்கு வைக்கப்போகிறீர்கள் என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும், வேறொரு பெண்ணைக் கேட்டு வரையலாம். இந்த ஊரில் மரம் வெட்டிய கைகளுக்கா பஞ்சம்? அவர் சம்மதித்தால், எழுத்து மூலமான ஒப்புதலை மலாயிலும் தமிழிலும் தயாரித்து, அதில் அவர் கேட்கும் நிபந்தனைகளையும் சேர்த்து, ஒரு நகலை அவரிடமே கொடுங்கள். அவர் விரும்பினால் மட்டும், தோட்டத்தின் பெயரோடு அவர் பெயரையும், கண்மட்டத்தில் படிக்கத்தக்கதாக, சுவரின் கீழ்ப்பகுதியில் பொறியுங்கள். படமெடுத்த இளைஞர் யார் என்பதையும் கிராணியின் குடும்பத்தாரிடம் கேட்டறிந்து அவருக்குரிய மரியாதையைச் செய்யுங்கள். ஏக்கம் பற்றிய குறிப்பை நீக்கிவிட்டு, மழையைப் பற்றி அத்தை சொன்னதை எழுதினால் அது ஒரு வரியில் எங்கள் வாழ்க்கை முழுவதையும் சொல்லிவிடும். படத்தைத் திருப்பிப் போடுவதற்கு ஓவியருக்குச் சில நிமிடங்களே போதும். கத்தியைப் பிடிக்கும் விதத்தையும் மங்கு தொங்கும் கம்பியையும் பால் வடியும் தகரத்தையும் சரிபார்க்க, பழைய வெட்டுமரத் தொழிலாளிகள் ஐந்தாறு பேரை நானே அழைத்து வருகிறேன். அவர்கள் சொல்வதை ஓவியர் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

செலவு கூடும் என்றோ, திறப்பு விழா நாள் தள்ளிப்போகும் என்றோ கவலைப்படலாம். ஒரு மாலைச் சந்திப்பும் ஒரு பெயர்ப்பலகையும் அப்படியொன்றும் பெருஞ்செலவு ஆகா. நாள் தள்ளிப்போனாலும், அத்தை தம் கால்களால் நடந்துவந்து பார்க்கும் திறப்பு விழாவே நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கடைசியாக ஒன்று. இது என் வேண்டுகோள் இல்லை, அத்தை உங்களிடம் கேட்கச் சொன்னது. இணையத்தில் உலவும் படத்தைவிட அவரிடமுள்ள மூலப் பிரதி அகலமானது. நாட்காட்டிக்காரர்கள் ஒரு பக்கத்தை வெட்டியிருக்கிறார்கள். உங்கள் மாதிரிப் படத்தின் ஓரத்தில் ஒரு வாளியின் விளிம்பு மட்டும் தெரிந்ததை ஓவியர் புதர் என்று எண்ணி இலைகளாக வரைந்துவிட்டார். மூலப் பிரதியில் அந்த வாளியைப் பிடித்தபடி இன்னொரு பெண் நிற்கிறார். அத்தையின் பக்கத்து நிரைக்காரர் அவர். பேறுகாலத்தில் அத்தையால் குனிய முடியாத நாள்களில் தம் மரங்களை முடித்துவிட்டு வந்து அத்தையின் மரங்களிலும் பால் எடுத்துக் கொடுத்தவர். இளவயதிலேயே இறந்துபோனார். அவரைப் புதைத்த தோட்டத்து இடுகாடு இப்போது செம்பனைக்குள் இருக்கிறது, கல் எதுவும் இல்லை. நான் கிளம்பும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுவரு அகலமாத்தானே இருக்கு, அவளுக்கும் எடம் இருக்குமான்னு கேளும்மா" என்றார்.

அத்தை சனிக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். நீங்கள் வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் மூலப் பிரதியை எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்து இவ்வூர்த் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி